சத்துக் கூடிப்போன பறவை

“பேசுமா?”

அந்தப் பறவை எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது இதைத்தான். பேசாது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். “அப்புறம் எதுக்கு இம்புட்டுப் பெரிய மூக்கு?” என்று அடுத்த கேள்வி வரும். பேசுவதற்கு மூக்கு எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். பேசுவதற்கு வீட்டில் நான் ஒருத்தியே போதும் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து.

அது டூக்கான். தென்னமெரிக்கக் காடுகளில் பழம் தின்று வாழ்கிற பெரிய பறவை. கருத்த உடம்பு, தொண்டையில் துண்டு கட்டியது போல வெள்ளைப் பட்டை, கண்ணைச் சுற்றி நீலத் தோல், சாண் நீளத்துக்கு ஆரஞ்சு நிற மூக்கு. அந்த மூக்கின் நுனியால் ஒரு பப்பாளித் துண்டைப் பொறுக்கி, தலையை அண்ணாந்து, மேலே எறிந்து தொண்டையில் வாங்கிக்கொள்ளும். தின்றது கொஞ்ச நேரத்திலேயே பின்பக்கமாக வந்துவிடும். அதுவும் சும்மா விழாது, சுவரில் பீச்சி அடிக்கும். இப்படிப்பட்ட பறவையை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் மூக்கின் அழகோடு இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. தினமும் கழுவ ரப்பர் குழாய் வேண்டும், பொறுமை வேண்டும். எங்கள் வீட்டில் குழாய் இருந்தது.

நாங்கள் பறவையை விரட்டியே பிழைத்த குடும்பம். கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவில் எங்கள் திராட்சைத் தோட்டம். பன்னீர்த் திராட்சை. கொத்து கறுக்கத் தொடங்கினால் போதும், கிளியும் மைனாவும் வௌவாலும் பந்தி போட்டு உட்கார்ந்துவிடும். தகரம் தட்டி, வலை கட்டி, தொண்டை கிழியக் கத்தி அவற்றை விரட்டுவதுதான் எங்களுக்கு அறுவடைக் காலம். அப்படிப்பட்ட வீட்டில் பழம் தின்கிற பறவையைத் தட்டு வைத்து வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா?

“ஏத்தா, வருசம் பூரா வெரட்டுறீக. இதுக்கு மட்டும் வெட்டி வச்சு ஊட்டுறீகளாக்கும்?” என்று கொத்து அறுக்க வரும் பெண்கள் கேட்பார்கள்.

“வெரட்டுன பாவத்துக்குப் பரிகாரம்னு வச்சுக்க. நீ கத்திரியப் பாத்து வெட்டு, காம்பு நசுங்குது” என்பேன்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு மலையாளி அவருக்கு நெடுநாள் நண்பர். வெளிநாட்டிலிருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்று முடிவெடுத்த அந்தப் பெரியவர், தான் வளர்த்த பறவைகளை நம்பிக்கையானவர்கள் கையில் ஒவ்வொன்றாக ஒப்படைத்துக்கொண்டிருந்தார். இது எங்கள் பங்குக்கு வந்தது. முறைப்படி காகிதமெல்லாம் மாற்றி, கூண்டோடு வேனில் ஏற்றி, வாசலில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரியும். எனக்கு வந்ததே கோபம்! மனுஷருக்கு ஒரு குளியலறை ஒழுங்காகக் கட்ட நேரமில்லை, பறவைக்கு மாளிகை கேட்கிறதோ என்று வாசலிலேயே ஆரம்பித்தேன். அவர் என் கையில் ஒரு பப்பாளித் துண்டை வைத்தார். பறவை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு அந்தப் பெரிய மூக்கை நீட்டி, என் விரல் மேல் படாமல், துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய மூக்கு, அவ்வளவு பதவிசு! என் கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டை ஒட்டிய திராட்சைப் பந்தலின் ஒரு மூலையில், அதே கல்தூண்களை வைத்து, பின்பக்கம் சுவர் எழுப்பி, கெட்டியான கம்பிவலை அடித்துப் பெரிய கூண்டு கட்டினோம். எங்கள் தோட்டத்துத் திராட்சையை மட்டும் அதற்குக் கொடுக்கவில்லை. மயில்துத்தத்தில் ஆரம்பித்து என்னென்ன மருந்து அடித்திருக்கிறோம் என்பது எங்களுக்குத்தானே தெரியும்.

சில நாளில் வனத்துறைக்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். மேகமலை இருவாச்சியைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று யாரோ போன் செய்துவிட்டார்களாம். எங்கள் பக்கத்தில் பெரிய மூக்கு என்றால் இருவாச்சிதான், வேறு எதுவும் கிடையாது. அவர் காகிதத்தைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், சிரித்தார். பிறகு, “இது பேசுமாம்மா?” என்று கேட்டார்.

இந்த வீட்டில் என்னோடு சரிக்குச் சரி நிற்கக்கூடிய ஒரே ஆள் என் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவர். வந்த அன்றே அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நான் தோட்டத்தைப் பார்த்தேன், அவர் அடுப்பைப் பார்த்தார். உப்பு கூட, உப்பு குறைய என்று எங்களுக்குள் நடந்த சண்டைகளை எழுதினால் அது தனிப் புத்தகம் ஆகும். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. சோர்ந்து விழுந்தவர்களை எழுப்பி உட்காரவைக்கத் தெரிந்தவர் அவர். பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடந்தவர், வயசுக்கு வந்தும் தேறாத பெண் என்று யாராயிருந்தாலும் தெருவே அவரிடம்தான் அழைத்து வரும். கீழ் இமையை ஒரு விரலால் இறக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு எப்போதும் ஒரே தீர்ப்புத்தான்.

“ரத்தமே இல்லத்தா.”

பிறகு முருங்கைக்கீரைச் சாறு, தேனில் ஊறிய பேரீச்சம்பழம், நெல்லிக்காய், கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. இரும்புச் சட்டியில் வதக்கி, மிளகு தூவி, மூச்சு விடாமல் தின்ன வைப்பார். என் இரண்டு பிரசவத்துக்கும் என்னை அப்படித்தான் எழுப்பினார். நான் அழுதுகொண்டே தின்றிருக்கிறேன். ஆனால் எழுந்தேன்.

பறவையைக் கொடுத்த பெரியவர் முதல் நாளே ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார். புளிப்புப் பழம் ஆகாது. காய்ந்த பழம் ஆகாது. இரும்புச்சத்து உள்ள எதுவும் ஆகவே ஆகாது. பப்பாளி, வாழைப்பழம், ஆப்பிள், தர்பூசணி, அதற்கென்று விற்கிற உருண்டைத் தீனி, இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் இதை எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். மதினி மோவாயை இடித்துக்கொண்டார்.

“காட்டுல புளிப்பு எது, இனிப்பு எதுன்னு பாத்துப் பாத்தா தின்னுச்சு? சத்து ஆகாதுன்னு ஒலகத்துல ஒரு உசுரு இருக்காடா?” என்று தம்பியைக் கேட்டார்.

“அவுக சொன்னாக, அதச் சொன்னேன்க்கா” என்று அவர் நழுவிக்கொண்டார். அக்காவிடம் அவர் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

மழைக்குப் பிறகு பறவை இறகு உதிர்த்தது. எல்லாப் பறவைக்கும் நடப்பதுதான். ஆனால் ஆள் கொஞ்சம் வாடித்தான் போனது. உச்சிக்கிளையில் உட்காருவது கீழ்க்கிளையில் உட்கார்ந்தது. ஒருநாள் நான் தோட்டத்திலிருந்து வந்தபோது மதினி கூண்டுக்குள் நின்று அதன் கண் ஓரத்துத் தோலை விரலால் இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இந்தா பாரு, நீலம் பாரிச்சுக் கெடக்கு. பொட்டு ரத்தம் இல்ல” என்றார்.

“அது பெறந்ததுலருந்தே நீலந்தேன் மதினி. அதோட கலரே அதேன்.”

“ஒனக்கு என்ன தெரியும்? நீ கொடிக்குத்தேன் வைத்தியம் பாப்ப.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன். கவாத்து வெட்டும் பருவம் அது. கொடியை வெட்டிவிடுகிற அந்த நாட்களில் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். பகல் முழுக்கப் பறவை மதினியோடு இருந்தது. போகப் போக என் குரலுக்குத் திரும்பாமல் போயிற்று. மதினியின் செருப்புச் சத்தம் கேட்டால் தவளை போலக் கரகரவென்று கத்தி, கம்பி ஓரம் வந்து நிற்கும். அவர் அதை “அய்யா” என்றுதான் கூப்பிடுவார். “வாங்கய்யா, எங்கய்யாவுல்ல” என்று கொஞ்சுவார். அது அவர் மணிக்கட்டில் மூக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடும். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. காலையில் எழுந்து சுவர் கழுவுகிறவள் நான், சாய்ந்துகொள்ள அவர் கையா?

தை பிறக்கும்போது அதன் வயிறு உப்பியிருப்பதைப் பார்த்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. கிளையிலிருந்து கிளைக்குத் தாவியபோது தவறித் தரையில் விழுந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அதன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் முழுசாகத் தெரிந்தது. இது செத்துவிடக் கூடாது, அவ்வளவுதான், வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

குமுளியில் பறவைகளுக்கென்றே ஒரு டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வந்து உட்காருவதாகப் பறவையைக் கொடுத்த பெரியவர் போனில் சொன்னார். மறுநாளே கிளம்பினோம். மதினி விடவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறிய வழியெல்லாம் பெட்டிக்குள் பேசிக்கொண்டே வந்தார். “இந்தா வந்துட்டோம்யா, பயப்படக் கூடாது, நானிருக்கேன்ல.”

டாக்டர் சின்னப் பெண். மலையாளம் மட்டும்தான் சரளம். எனக்கு மலையாளம் வரும். திராட்சைப் பெட்டியோடு குமுளிச் சந்தைக்குப் போய்ப் போய்ப் படிந்த மலையாளம், விலை பேசவும் சண்டை போடவும் நன்றாகவே வரும். என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். உள்ளே நாங்கள் மூன்று பேரும் பறவையும்தான்.

டாக்டர் வயிற்றைத் தடவினார். ஸ்கேன் வைத்துப் பார்த்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றார். என்னென்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் நிமிர்ந்து சொன்னேன். பப்பாளி, வாழை, ஆப்பிள், உருண்டைத் தீனி. ஒன்றுகூடத் தவறில்லை. டாக்டர் தலையை ஆட்டினார். இது மட்டும் கொடுத்தால் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகாதே என்றார்.

“என்ன கேக்குறாக?” என்றார் மதினி.

“என்ன தீனின்னு கேக்குறாக.”

மதினியின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நேரம் யாரும் தன்னைக் கேட்கவில்லையே என்று காத்திருந்தவர் போலத் தொடங்கினார். “அதச் சொல்லு மொதல்ல. இவ குடுக்குற பழத்த நம்புனா என்னைக்கோ போயிருக்கும். நாந்தேன் சத்துக் குடுத்து நிப்பாட்டி வச்சிருக்கேன். காலையில முருங்கச் சாறு, வாழப்பழத்துல பெசஞ்சு. மத்தியானம் பேரீச்சை. நெல்லிக்காய அரச்சு வடிகட்டி ரெண்டு சொட்டு. செவ்வாக்கெழம சுவரொட்டி, அவிச்சு, பொடிசா நறுக்கி. பக்கத்து வீட்டுப் புள்ள முழுகாம இருக்கால்ல, அவளுக்கு ஆஸ்பத்திரியில குடுக்குற சத்து மாத்திர, அவ திங்காம மிச்சம் வச்சத வாங்கிப் பொடிச்சு... அதயும் நல்லாத் தின்னுச்சு.”

நான் ஒவ்வொன்றாக மலையாளத்தில் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. மாத்திரைக்கு வந்தபோது அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். இந்தப் பறவையின் உடம்புக்கு இரும்பை வெளியேற்றத் தெரியாது. உள்ளே போனது எல்லாம் ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் இரும்பு. நெல்லிக்காய் அதை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும். இந்த அம்மா இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் நீங்கள் இங்கே வரவேண்டிய வேலையே இருந்திருக்காது.

“டாக்டரம்மா என்ன சொல்றாக?” என்று மதினி ஆவலாகக் கேட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். தலைக்குள் தீயே எரிந்தது. படித்துப் படித்துச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், என் முதுகுக்குப் பின்னால் மாத்திரை வரைக்கும் போயிருக்கிறார்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எந்த ஒரு சண்டையிலும் அவரை நான் முழுதாக ஜெயித்ததில்லை. இப்போது ஜெயிப்பதற்கு ஒரே ஒரு வரி போதும், அதுவும் டாக்டர் வாயால் வந்த வரி. நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போது பறவை, மூச்சு வாங்கிக்கொண்டே, மேஜையிலிருந்து நகர்ந்து போய் அவர் மணிக்கட்டில் மூக்கைச் சாய்த்தது.

“சத்துக் கூடிப்போச்சாம் மதினி. கொஞ்சம் கொறைக்கணுமாம்” என்றேன்.

“அதான பாத்தேன். சத்து இல்லேன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல” என்றார் அவர்.

டாக்டர் வைத்தியத்தைச் சொன்னார். வாராவாரம் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த ரத்தத்துக்குப் பதில் புது ரத்தம் ஊறும்போது உடம்பு ஈரலில் கிடக்கும் இரும்பைத் தானே எடுத்துச் செலவழித்துக்கொள்ளும். பழத்தின் மேல் கட்டன் சாயா தெளித்துக் கொடுங்கள், இரும்பு உள்ளே ஒட்டாது என்றார். எனக்குத் தலை சுற்றியது. வெறும் தேயிலைத் தண்ணீர் மருந்து, நெல்லிக்காய் விஷம்! பரிசோதனைக்காக அன்றைக்கே கொஞ்சம் எடுப்பதற்குச் சின்ன ஊசியைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனார்.

மதினி எழுந்தே விட்டார். “அடி ஆத்தி! இருக்குற ரத்தத்தையும் உறிஞ்சப் போறீகளா? நீங்க டாக்டரா, அட்டையா? ஏ தம்பி, இங்கன வாடா, கொல்லப் பாக்குறாகடா!” அந்தக் கட்டடமே கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் ஓடிவந்து அவரைத் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போக வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் டாக்டரால் பரிசோதனைக்குச் சில சொட்டு எடுக்க முடிந்தது. நல்லவேளை, மதினி கத்திய வேகத்தில் அட்டை என்ற சொல் டாக்டருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் புரிந்தும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மலை இறங்கினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நெசத்தச் சொல்லு. டாக்டரம்மா அம்புட்டு நேரம் பேசுனாக. நீ ஒத்த வரியில சொல்லி முடிச்ச. நீ எதையும் ஒத்த வரியில சொல்ற ஆளா?”

சரியாகத்தான் கேட்டார். இனிமேல் மறைத்தால் நாளைக்கு மறுபடியும் முருங்கைச் சாறு பிழிவார். சொன்னேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரி வரைக்கும்.

அவர் அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போனார். பேரீச்சை டப்பா, மாத்திரை அட்டை, நெல்லிச் சாறு, எல்லாவற்றையும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். “எடுத்துக் கொட்டிரு” என்றார். “இந்தக் கை யாரையும் சாக விட்டதில்லன்னு நெனச்சிருந்தேன்” என்றார். அதற்குப் பிறகு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் அடுப்படிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கோம்பையிலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு, இமையைப் பார்க்கச் சொல்லி வந்தாள். “என்கிட்ட வராதீக. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். கூண்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பறவையோ அவர் செருப்புச் சத்தத்துக்காகக் கத்திக் கத்தி ஓய்ந்தது. என் கையிலிருந்து பாதிப் பழம்தான் வாங்கியது. நான் ஜெயித்துவிட்டேன். என் சமையலை நானே சாப்பிட்டேன். உப்பு கூடவோ குறையவோ சொல்ல ஆளில்லாமல் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். இதற்குத்தானா இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன் என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் பறவையைக் கொண்டுபோனோம். பரிசோதனையில் டாக்டர் சொன்னதே உறுதியாகியிருந்தது. ரத்தம் எடுக்க நான் பிடித்தேன். என் பெருவிரலில் அந்த மூக்கு இறுக்கிய வலி இப்போதும் நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரர் பிடித்தார், அவருக்கும் கடி கிடைத்தது. பறவை திமிறி, இறக்கையை அடித்து, வாயைப் பிளந்து, கழுத்து தொங்கும் அளவுக்கு மூச்சிரைத்தது. டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார். இப்படித் திமிறினால் ரத்தம் எடுக்கும் முன்பே நெஞ்சு நின்றுவிடும், மயக்கமருந்தை இந்த ஈரல் தாங்காது என்றார். பிறகு கேட்டார். அன்றைக்கு வந்த அந்த அம்மா எங்கே? அவர் கையில் அமைதியாக இருந்ததே.

வீட்டுக்கு வந்து நேராக மதினியின் அறைக்குப் போனேன். கெஞ்சுகிற பழக்கம் எனக்கு இல்லை. கோபமாகத்தான் பேச வந்தது.

“எந்திரிங்க மதினி. படுத்துக் கெடந்தது போதும். அடுத்த வாரம் நீங்கதேன் பிடிக்கணும்.”

“என் கை ஆகாதுத்தா. அதுக்கு வெசம் ஊட்டுன கை.”

“அது அப்படி நெனைக்கலயே! நான் பிடிச்சா கடிக்குது, ஒங்க தம்பி பிடிச்சா கடிக்குது. ஒங்க கையத்தேன் தேடுது. எனக்கு வயிறெரியத்தேன் செய்யுது, காலம்பூராச் செவுரு கழுவுனவ நான். ஆனா நெசம் அதேன். பிரியத்துல குடுத்தீக, தப்பாப் போச்சு. அதுக்காக இப்ப கையக் கட்டிக்கிட்டுப் படுத்துக்கிட்டீகன்னா, அது செத்துரும். செத்தா அப்ப என்ன சொல்லிக்கிட்டுப் படுப்பீக?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன்.

பறவை பிழைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இழுத்தடிப்பது எனக்குப் பிடிக்காது. மாதக்கணக்கில் ரத்தம் எடுத்தார்கள், வயிறு வற்றியது, ஈரல் இறங்கியது. இதை எழுதும்போது உச்சிக்கிளையில் உட்கார்ந்து கரகரவென்று கத்திக்கொண்டிருக்கிறது. சுவரை இன்றைக்கும் நான்தான் கழுவினேன். ஆனால் அது பிழைத்தது அந்த அடுத்த வாரத்தில்தான்.

குமுளிக்குக் கிளம்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டியின் பின் சீட்டில் மதினி உட்கார்ந்திருந்தார். தலை முழுகி, வெளுத்த சேலை கட்டி, கையை மடியில் விரித்து வைத்திருந்தார். நான் பெட்டியை அந்தக் கையில் வைத்தேன். போன தடவை போல் அவர் பெட்டிக்குள் பேசவில்லை. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே மலை ஏறினார்.

டாக்டர் அறையில் பெட்டியைத் திறந்ததும் பறவை அவரைப் பார்த்தது. அது மெல்ல ஏறி வந்து அவர் மடியில் உட்கார்ந்து, மணிக்கட்டில் மூக்கைச் சாய்த்து, கண்ணை மூடியது. மதினியின் உதடு கோணியது. ஆனாலும் இடது கையால் அதன் உடம்பை அணைத்து, வலது கையால் கழுத்து இறகை ஒதுக்கி, ஊசி போகிற இடத்தைத் தானே காட்டினார். டாக்டர் தயங்கினார். போன தடவை இந்த அம்மா போட்ட சத்தம் அவருக்கு மறந்திருக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள், பார்க்கக் கஷ்டமாக இருக்கும் என்று என்னிடம் சொன்னார். சொன்னேன்.

“எதுக்குத் திருப்பணும்? நான் ஏத்துனதத்தேன எறக்குறாக. என் கையிலயே எறக்கட்டும். குத்தச் சொல்லு” என்றார் மதினி.

ஊசி ஏறியது. பறவை அசையவில்லை. குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறுவதை மதினி கண் இமைக்காமல், கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.